பேரடைக் கொத்துகளின் ஈர்ப்பு வில்லையைக் கொண்டு கோட்பாடுகளைச் சோதிப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேரடைக் கொத்தின் ஈர்ப்பு, அதற்குப் பின்னால் இருக்கும் பேரடைகளின் ஒளியை வளைத்து, அவற்றின் உருவை இழுத்தும் பெரிதாக்கியும் காட்டும். இதுதான் ஈர்ப்பு வில்லை. மாற்று ஈர்ப்புக் கோட்பாடு ஒன்றையோ கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் அறியப்படும் பொருள்) மாதிரி ஒன்றையோ பேரடைக் கொத்துகளின் வில்லைத் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், முதல் சில மாதங்கள் எதை எங்கே தேடுவது என்பதிலேயே போய்விடும். தரவு ஓரிடத்தில் இருக்கும், மென்பொருள் இன்னோரிடத்தில் இருக்கும். இரண்டையும் இணைக்கும் விளக்கம் யாரோ எழுதிய ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில் இரண்டு வரியாகக் கிடக்கும். நான் தட்டுத் தடுமாறித்தான் இதையெல்லாம் ஒன்றுசேர்த்தேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். முதுநிலை இயற்பியலும் ஓரளவு பைத்தானும் தெரிந்தவரை மனதில் வைத்திருக்கிறேன்.

படிகளுக்குப் போகும் முன் ஒன்று. கட்டுரைகளில் "இந்தக் கொத்தின் நிறை இவ்வளவு" என்று ஓர் எண் இருக்கும். அதைத் தரவு என்று நினைக்காதீர்கள். பொதுச் சார்பியல் சரி, கரும்பொருள் இன்ன வடிவில் பரவியிருக்கிறது, பிரபஞ்சம் இன்ன வேகத்தில் விரிகிறது என்ற மூன்றையும் ஏற்றுக்கொண்ட பிறகு வந்த விடை அது. அந்த விடையை எடுத்து வந்து சார்பியலையே சோதித்தால், போட்டதையே திரும்ப எடுப்பீர்கள். பின்னணிப் பேரடைகளின் வடிவம், பிம்பங்கள் விழுந்த இடம், வாயுவின் வெப்பநிலை, பேரடைகளின் வேகம் ஆகியவைதான் தரவு. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

1. கோட்பாட்டை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

தரவைத் தொடுவதற்கு முன் இது முடிந்தாக வேண்டும். ஈர்ப்புப் புலத்துக்கு இரண்டு பொட்டென்ஷியல்கள் உண்டு: ஒன்று காலப் பகுதிக்கு, மற்றொன்று வெளிப் பகுதிக்கு. மெதுவாக நகரும் பொருள்கள், அதாவது கொத்துக்குள் இருக்கும் வாயுவும் பேரடைகளும், முதலாவதை மட்டுமே உணரும். ஒளி இரண்டின் கூட்டுத்தொகையை உணரும். சாதாரணப் பொருள் மட்டும் இருக்கும் இடத்தில் சார்பியல்படி இரண்டும் சமம். உங்கள் கோட்பாடு இந்தச் சமத்தை உடைக்கிறதா, எங்கே, எவ்வளவு என்பதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். ஏனென்றால் கோட்பாட்டுக்குக் கோட்பாடு விடை மாறும்.

எஃப்(ஆர்) வகைக் கோட்பாடுகளில், அதாவது சார்பியலில் வரும் வளைவுக்கு (R) பதிலாக அதன் சார்பு ஒன்றைப் போடுபவற்றில், ஒளியின் பாதை கிட்டத்தட்ட மாறாது. ஆனால் வாயுவும் பேரடைகளும் உணரும் ஈர்ப்பு அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆக, வில்லை காட்டுவது உண்மையான நிறை, வாயு காட்டுவது ஊதிப் பெருத்த நிறை. அப்புறம் இந்தக் கூடுதல் விசை அடர்த்தியான மையப் பகுதியில் தன்னை மறைத்துக்கொள்ளும், வெளிவிளிம்பில்தான் தலைகாட்டும். எனவே மையத்தை மட்டும் அளந்துவிட்டு "விலகல் இல்லை" என்று எழுதினால் அதற்குப் பொருளே கிடையாது.

மாண்ட் வகையில், அதாவது கரும்பொருளுக்குப் பதிலாக ஈர்ப்பு விதியையே மாற்றும் வகையில், நிலைமை வேறு. மில்க்ரோம் 1983இல் முன்வைத்த விதி, முடுக்கம் ஒரு நொடி வர்க்கத்துக்குச் சுமார் 1.2 × 10⁻¹⁰ மீட்டருக்குக் கீழே போகும்போது ஈர்ப்பு மாறுகிறது என்கிறது. ஆனால் அது ஒளியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒளியைக் கணக்கிட அந்த விதிக்குச் சார்பியல் வடிவம் ஒன்று வேண்டும். பெக்கன்ஸ்டைன் 2004இல் தந்த டெவெஸ், 2017 ஆகஸ்டில் வந்த ஜிடபிள்யூ170817 ஈர்ப்பலை நிகழ்வுக்குப் பிறகு அதன் மூல வடிவில் நிற்கவில்லை. ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகத்தில் வருகின்றன என்பது 10¹⁵இல் ஒரு பங்கு அளவுக்கு உறுதியானதே காரணம். ஸ்கோர்டிஸும் ஸ்லோஸ்னிக்கும் 2021இல் வெளியிட்ட வடிவம் அந்தச் சோதனையைத் தாண்டுகிறது. எந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

தமக்குள் மோதிக்கொள்ளும் கரும்பொருள் என்றால் ஈர்ப்பு விதியில் மாற்றமில்லை, நிறை பரவும் விதம்தான் மாறும். அதற்குத் தனியாக 8ஆம் படி இருக்கிறது.

அந்த ஒரு பக்கத்தில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: ஒளி வளையும் சமன்பாடு, வாயுவுக்கான சமன்பாடு, எந்த அளவுரு எந்த மதிப்பை அடைந்தால் சார்பியல் திரும்ப வரும், எந்த ஆர வரம்பில் விளைவு தெரியும். ஒளி வளையும் சமன்பாட்டை எழுத முடியவில்லை என்றால் அந்தக் கோட்பாடு இந்தச் சோதனைக்கு இன்னும் தயாராகவில்லை. வேறொன்றை எடுங்கள்.

2. கொத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிரபலமான கொத்து என்பதற்காக எதையும் எடுக்காதீர்கள். ஏபெல் 1689 இதற்கு நல்ல உதாரணம். செந்நகர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளி சிவப்பை நோக்கி நகரும் அளவு, தொலைவைக் காட்டுவது) 0.18, ஏராளமான பிம்பங்கள், கையில் தரவும் நிறைய. ஆனால் அது நம் பார்வைக் கோட்டின் திசையிலேயே நீண்டிருக்கிறது என்பதற்கு வலுவான அறிகுறிகள் உண்டு. நீளவாக்கில் பார்க்கும்போது அதே நிறை குறுகிய பரப்பில் குவிந்ததுபோல் தெரியும். கோள வடிவம் என்று வைத்துப் பொருத்தினால், ஈர்ப்பு மாறியதுபோல ஒரு போலி விலகல் வந்து நிற்கும். வில்லை வலுவாக இருக்கிறது என்பதற்காகவே தேர்ந்தெடுத்த கொத்துகள் பெரும்பாலும் இப்படித்தான்.

ஈர்ப்பு விதியைச் சோதிக்க, குழப்பமில்லாமல் அடங்கியிருக்கும் கொத்துகள் வேண்டும். ஹபிள் தொலைநோக்கியின் கிளாஷ் திட்டத்தில் 25 கொத்துகள். அவற்றில் 20 எக்ஸ் கதிர்த் தோற்றத்தை வைத்துத் தேர்ந்தவை, 5 பெரிதாக்கும் திறனை வைத்துத் தேர்ந்தவை. முதல் 20இலிருந்து தொடங்குங்கள். அவற்றுள் மேக்ஸ் 1206 எனக்கு மிகவும் பிடித்தது. செந்நகர்ச்சி 0.44, ஹபிள் படங்கள் 16 வடிகட்டிகளில், தரையிலிருந்து எடுத்த பெரிய தொலைநோக்கிப் படங்கள், நிறமாலை வழியே வேகம் அளந்த உறுப்புப் பேரடைகள் சுமார் 600. வில்லையும் வேகமும் ஒரே கொத்தில் இவ்வளவு நிறைவாகக் கிடைப்பது அரிது. அருகிலுள்ள கோமா கொத்து வாயு ஆய்வுக்கு அருமையானது. ஆனால் செந்நகர்ச்சி 0.023தான் என்பதால் வில்லை மிகவும் மெலிந்தது, வானத்தில் பரந்தும் கிடக்கிறது. முதல் பயிற்சிக்கு அது வேண்டாம்.

3. தரவு, பதிவு, செலவு

நல்ல செய்தி: தரவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஹபிளின் கிளாஷ், ஃபிரான்டியர் ஃபீல்ட்ஸ் படங்களும் பட்டியல்களும் மாஸ்ட் காப்பகத்தில் இருக்கின்றன. எக்ஸ் கதிருக்குச் சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற விண்வெளித் தொலைநோக்கிகளின் காப்பகங்கள் உண்டு. நிறமாலைகளுக்கு ஈஎஸ்ஓ காப்பகம். கட்டுரைகளோடு வந்த அட்டவணைகளை விசியரில் தேடினால் கிடைக்கும், கையால் தட்டச்சு செய்யாதீர்கள். கிட்ஸ், டிஇஎஸ், எச்எஸ்சி போன்ற பெரிய வான் கணக்கெடுப்புகளின் பேரடை வடிவப் பட்டியல்களும் திறந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இலவசக் கணக்கு தொடங்கிப் பதிவு செய்ய வேண்டும். பதிவை முதல் வாரமே முடித்து வையுங்கள், வேலை நடுவில் நிற்காது.

புதிதாக எடுத்த கண்காணிப்புகள் உடனே வெளிவராது. சந்திராவிலும் எக்ஸ்எம்எம்மிலும் பொதுவாக ஓராண்டு வரை கண்காணித்தவருக்கே உரிமை. உங்களுக்குப் பிடித்த கொத்தின் பெயர் காப்பகத்தில் தெரிந்தும் கோப்பு இறங்காவிட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். வெளியாகும் தேதி அங்கேயே போட்டிருக்கும்.

ஒவ்வொரு கோப்பை இறக்கும்போதும் மூன்றைக் குறித்து வையுங்கள்: பதிப்பு எண், இறக்கிய தேதி, நன்றியுரையில் சேர்க்கச் சொல்லும் வாசகம். நன்றியுரை வாசகம் ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் வேறு. கடைசியில் தேட ஆரம்பித்தால் நாள் கணக்கில் இழுக்கும். பதிப்பு எண்ணும் அப்படித்தான். வடிவப் பட்டியலின் பதிப்பு மாறினால் அளவீட்டுத் திருத்தமும் மாறும், பழைய திருத்தத்தைப் புதிய பட்டியலுக்குப் போட்டால் நிறை நகர்ந்துவிடும்.

செலவு என்று பார்த்தால் வட்டு இடம்தான் முதலில் கடிக்கும். படங்கள், எக்ஸ் கதிர் நிகழ்வுக் கோப்புகள், அளவீட்டுத் தரவுத்தளம் எல்லாம் சேர்ந்தால் ஒரு கொத்துக்கே பல பத்து கிகாபைட் ஆகும். முழு கணக்கெடுப்புப் பட்டியலை இறக்காதீர்கள். கொத்தைச் சுற்றிய பகுதியை மட்டும் வினவி எடுங்கள்.

4. மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு கைக்கணக்கு

இதைத் தாண்டிப் போக வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இதைச் செய்தவருக்குப் பின்னால் வரும் எண்கள் சரியா தவறா என்று பார்த்தவுடனே தெரியும்.

செந்நகர்ச்சி 0.2இல் ஒரு கொத்து. அதைச் சுற்றி 30 ஆர்க்செகண்ட் ஐன்ஸ்டைன் ஆரம், அதாவது பின்னணி ஒளி வளையமாகத் தெரியும் ஆரம். பின்னணிப் பேரடையின் செந்நகர்ச்சி 2. ஹபிள் மாறிலி 70, பொருள் அடர்த்தி 0.3, தட்டையான பிரபஞ்சம் என்று வைத்துக்கொள்வோம். கொத்துக்கான கோண விட்டத் தொலைவு சுமார் 680 மெகாபார்செக். அங்கே ஒரு ஆர்க்செகண்ட் என்பது 3.3 கிலோபார்செக், எனவே 30 ஆர்க்செகண்ட் என்பது 99 கிலோபார்செக். கொத்திலிருந்து பின்னணிக்கும் நம்மிடமிருந்து பின்னணிக்கும் உள்ள தொலைவுகளின் விகிதம் 0.84. இவற்றைப் போட்டால் மாறுநிலைப் பரப்படர்த்தி (வளையம் உண்டாக அதற்குள் தேவையான சராசரிப் பரப்படர்த்தி) ஒரு சதுர மெகாபார்செக்குக்கு 2.9 × 10¹⁵ சூரிய நிறை. வளையத்துக்குள் அடங்கிய நிறை, அதாவது பார்வைக் கோட்டின் நெடுக அந்த வளையம் வெட்டும் உருளைக்குள் இருப்பது, 9 × 10¹³ சூரிய நிறை.

இப்போது பின்னணியின் செந்நகர்ச்சி 2 இல்லை, 1 என்று மாற்றிப் பாருங்கள். தொலைவு விகிதம் 0.75 ஆகும், நிறை 12 சதவீதம் ஏறிவிடும். ஒரு பிம்பத்தின் செந்நகர்ச்சியை நிறத்தை வைத்து மட்டும் ஊகித்து அது தவறினாலே இவ்வளவு. நீங்கள் தேடும் ஈர்ப்பு மாற்றமோ அதிகபட்சம் 33 சதவீதம், பெரும்பாலும் அதற்கும் குறைவு. நிறமாலையில் உறுதியான பிம்பங்களை மட்டும் எடுங்கள் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

அதே எண்ணிலிருந்து மாண்டுக்கும் ஒரு கணக்கு. உருளை நிறையில் ஏறத்தாழப் பாதி, 4 × 10¹³ சூரிய நிறை, 100 கிலோபார்செக் கோளத்துக்குள் இருப்பதாக வைத்தால் அங்கே ஈர்ப்பு முடுக்கம் மாண்டின் எல்லை முடுக்கத்தைவிட நான்கைந்து மடங்கு. அதாவது கொத்தின் மையத்தில் மாண்ட் கிட்டத்தட்ட நியூட்டனாகவே நடந்துகொள்ளும், உதவிக்கு வராது. மாண்டில் கொத்துகளுக்கு இன்னும் சுமார் இரண்டு மடங்கு கண்ணுக்குத் தெரியாத நிறை தேவைப்படுவதும், அந்தத் தேவை மையத்தில் கடுமையாக இருப்பதும் இதிலிருந்தே புரியும். அந்த இடைவெளியை 2 எலக்ட்ரான் வோல்ட் நிறையுள்ள நியூட்ரினோக்களால் நிரப்பலாம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். கேட்ரின் சோதனை 2025இல் வெளியிட்ட வரம்பு 0.45 எலக்ட்ரான் வோல்ட். சாதாரண நியூட்ரினோவுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. மலட்டு நியூட்ரினோ போன்ற வேறொன்றைக் கொண்டுவந்தால், அதையும் அளவுருவாக எழுதிச் சோதியுங்கள்.

5. மெல்லிய வில்லை: வெளிவிளிம்பை அளப்பது

வலுவான வில்லை, அதாவது ஒரே பேரடைக்குப் பல பிம்பங்களும் வளையங்களும் விழும் வகை, மையத்தை மட்டும்தான் தொடும். எஃப்(ஆர்) போன்றவை தலைகாட்டும் இடம் ஒரு மெகாபார்செக்குக்கு வெளியே. அங்கே பின்னணிப் பேரடைகளின் வடிவம் சில சதவீதம் மட்டுமே திரியும். மேலே சொன்ன கொத்துக்கு 5 ஆர்க்மினிட் தொலைவில், ஏறத்தாழ 1 மெகாபார்செக்கில், ஷியர் (வில்லை ஒரு வடிவத்தை இழுத்து நீட்டும் அளவு) தோராயமாக 0.05. ஒவ்வொரு பேரடைக்கும் இயல்பாகவே இருக்கும் நீள்வடிவம் 0.26 என்ற அளவில் சத்தம் போடும். சதுர ஆர்க்மினிட்டுக்கு 10 பேரடை என்று வைத்து, 4 முதல் 6 ஆர்க்மினிட் வரையான வளையத்தை எடுத்தால் 600க்குச் சற்று அதிகமான பேரடைகள் தேறும். பிழை 0.01. அதாவது ஒரு வளையத்தில் ஐந்து மடங்கு சமிக்ஞை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொத்தின் நீள்வடிவமும் வழியில் குறுக்கிடும் மற்ற கட்டமைப்புகளும் சேர்ந்தால், ஒரு தனிக் கொத்தின் நிறையை 20 சதவீதத்துக்கும் கீழே உறுதியாகச் சொல்வது கடினம். பல கொத்துகளை அடுக்கிச் சராசரி எடுப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். வில்காக்ஸ் குழு 2015இல் 58 கொத்துகளின் எக்ஸ் கதிரையும் வில்லையையும் அடுக்கித்தான் எஃப்(ஆர்) அளவுருவுக்கு (சார்பியலிலிருந்து விலகும் அளவு, சுழியானால் சார்பியலே) 6 × 10⁻⁵ என்ற மேல்வரம்பை எட்டியது.

இங்கே மூன்று பொறிகள். முதலாவது, கொத்தின் சொந்தப் பேரடைகள் பின்னணிப் பட்டியலில் கலந்துவிடுவது. அவை திரியாது, எனவே ஷியர் நீர்த்துப்போகும். அதுவும் மையத்தை நெருங்க நெருங்க அதிகமாக. ஆரத்தோடு மாறும் இந்தச் சரிவு மாற்று ஈர்ப்பு போலவே வேஷம் போடும். கொத்தின் செந்நகர்ச்சியிலிருந்து நல்ல இடைவெளி விட்டு வெட்டுங்கள், பின்னணி எண்ணிக்கை மையத்தை நோக்கி ஏறுகிறதா என்று வரைந்து பாருங்கள். ஏறினால் கலப்பு இருக்கிறது.

இரண்டாவது, 45 பாகை திருப்பிய குறுக்கு ஷியர். அது சுழியாக இருக்க வேண்டும். எந்த ஈர்ப்புக் கோட்பாடானாலும் பரவாயில்லை, இந்த வரைபடம் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது, நாம் அளப்பது ஷியர் அல்ல, குறைத்த ஷியர். அதாவது ஷியரை, ஒன்றிலிருந்து குவிவை (பரப்படர்த்தியை மாறுநிலைப் பரப்படர்த்தியால் வகுத்ததை) கழித்து வருவதால் வகுத்தது. வெளியே வேறுபாடு தெரியாது, உள்ளே தெரியும். கூடவே, எல்லா இடத்திலும் ஒரே சீரான நிறைத் தகட்டைச் சேர்த்துத் தகுந்தபடி அளவை மாற்றினால் வடிவங்கள் மாறாது என்ற சிக்கலும் உண்டு. வெவ்வேறு செந்நகர்ச்சியில் பல பிம்பங்களோ, பெரிதாக்கம் பற்றிய தரவோ இருந்தால்தான் அதை உடைக்கலாம்.

6. தராசின் மறுதட்டு: வாயுவும் பேரடைகளும்

வில்லை மட்டும் இருந்தால் தராசில் ஒரு தட்டுதான் இருக்கிறது. மறுதட்டில் வாயுவோ பேரடைகளின் வேகமோ வேண்டும்.

வாயுவின் அழுத்தமும் ஈர்ப்பும் சமநிலையில் இருக்கின்றன என்று வைத்து, அடர்த்தியையும் வெப்பநிலையையும் கொண்டு ஈர்ப்பைக் கணக்கிடுகிறோம். ஆனால் வாயுவில் கொந்தளிப்பும் ஓட்டமும் உண்டு. அவையும் தாங்குகின்றன. அவற்றை விட்டுவிட்டால் வாயு நிறை 10 முதல் 30 சதவீதம் வரை குறைத்துக் காட்டும் என்று உருவகப்படுத்தல்கள் சொல்கின்றன. கவனியுங்கள்: எஃப்(ஆர்) வாயு நிறையைக் கூட்டிக் காட்டுகிறது, கொந்தளிப்பு குறைத்துக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டால் தட்டுகள் சமமாக நிற்கும், நீங்கள் "சார்பியல் சரி" என்று எழுதிவிடுவீர்கள். கொந்தளிப்பின் பங்கை ஓர் அளவுருவாகவே பொருத்தத்துக்குள் விட்டு, அதன் பிழையையும் சேர்த்து அறிவிப்பதுதான் நேர்மையான வழி. வரம்பு தளரும். தளரட்டும்.

இன்னொன்று, சந்திராவும் எக்ஸ்எம்எம்மும் சூடான கொத்துகளுக்கு ஒரே வெப்பநிலையைத் தருவதில்லை. சந்திரா கூடுதலாகக் காட்டும். வெப்பநிலை கூடினால் வாயு நிறையும் கூடும், அது எஃப்(ஆர்) தரும் கூடுதல் விசை மாதிரியே தெரியும். ஒரு கருவியின் அடர்த்தியையும் மற்றொன்றின் வெப்பநிலையையும் கலக்காதீர்கள். இரண்டிலும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள்.

பேரடைகளின் வேகத்தை எடுத்தால், அவை மையத்தை நோக்கி விழுந்து எழுகின்றனவா, சுற்றி வருகின்றனவா என்பது தெரியாத சிக்கல். நிறையையும் அதையும் பிரிப்பது சுலபமல்ல. மாம்பாஸ்ட் முறையும் அதன் மாற்று ஈர்ப்பு வடிவமான எம்ஜி-மாம்பாஸ்டும் இதற்கென்றே இருக்கின்றன. மோதிக்கொண்டிருக்கும் கொத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

7. மென்பொருள், நேரம், பொருத்தம்

எல்லாமே இலவசம். தொலைவுகளுக்கு ஆஸ்ட்ரோபை, நிறைப் பரவல்களுக்கு கொலோசஸ், மெல்லிய வில்லைக்கு சிஎல்எம்எம், வலுவான வில்லைக்கு லென்ஸ்டூல் அல்லது கிளாஃபிக், எக்ஸ் கதிருக்குச் சந்திராவின் சியாவோ அல்லது எக்ஸ்எம்எம்மின் எஸ்ஏஎஸ், மாதிரி எடுப்பதற்கு எம்சீ. சியாவோவையும் எஸ்ஏஎஸ்ஸையும் நிறுவுவதற்கே சில நாள் ஒதுக்குங்கள். முதல் முறை என்றால் எக்ஸ் கதிர்த் தரவை மூலத்திலிருந்து பிழிய வேண்டாம், வெளியான அடர்த்தி, வெப்பநிலை அட்டவணைகளிலிருந்து தொடங்குங்கள். அக்செப்ட் தொகுப்பில் சந்திரா பார்த்த 239 கொத்துகளுக்கு அவை இருக்கின்றன.

கோள வடிவில் ஒரு கொத்தைப் பொருத்த மடிக்கணினி போதும், இரவில் ஓட்டிவிட்டால் காலையில் பார்க்கலாம். பல பத்து பிம்பங்களுடன் லென்ஸ்டூல் ஓட்டினால் பல செயலிக் கருக்கள் உள்ள கணினியிலும் நாள் கணக்கில் ஆகும். மாற்று ஈர்ப்புச் சமன்பாட்டை ஒவ்வொரு அடியிலும் எண்வழியில் தீர்த்தால் எப்போதும் முடியாது. முன்கூட்டியே அளவுருக்களின் வலைப்பின்னலில் தீர்த்து அட்டவணையாக வைத்துக்கொண்டு இடைமதிப்பு எடுங்கள்.

ஃபிரான்டியர் ஃபீல்ட்ஸின் ஆறு கொத்துகளுக்கும் பல குழுக்கள் தனித்தனியாகச் செய்த வில்லை மாதிரிகள் மாஸ்டில் இருக்கின்றன. ஒரே கொத்தை வெவ்வேறு குழுவின் மாதிரியோடு ஓட்டுங்கள். விடைகள் எவ்வளவு விலகுகின்றனவோ அதுவே உங்கள் முறைசார் பிழையின் குறைந்தபட்ச அளவு.

இனி பொருத்தம். உண்மைத் தரவை உள்ளே விடும் முன், விடை தெரிந்த ஒரு போலிக் கொத்தை உருவாக்கிச் சத்தமும் சேர்த்து உங்கள் நிரலுக்குக் கொடுங்கள். சார்பியல்படி செய்த போலி ஒன்று, மாற்று ஈர்ப்பின்படி செய்த போலி இன்னொன்று. இரண்டையும் சரியாகப் பிரித்துச் சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் உண்மைத் தரவில் வரும் விடையை நம்ப வழியே இல்லை.

ஹபிள் மாறிலியைப் பாருங்கள். சில கட்டுரைகள் 70 என்று வைக்கும், சில பிளாங்கின் 67.4ஐ எடுக்கும், சில தொலைவை மாறிலியால் வகுத்த அலகில் கொடுக்கும். வில்லைத் தரவு ஓர் அலகிலும் வாயுத் தரவு வேறு அலகிலும் வந்தால் 30 சதவீத வேறுபாடு சத்தமில்லாமல் நுழைந்துவிடும். எல்லாவற்றையும் கோணத்துக்கு மாற்றி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

முன்னனுமானமும், அதாவது தரவைப் பார்க்கும் முன் அளவுருவுக்கு நீங்கள் அனுமதிக்கும் வீச்சும், வரம்பை ஆட்டும். எஃப்(ஆர்) அளவுருவை மடக்கை அளவில் 10⁻⁷ முதல் விட்டால் ஒரு மேல்வரம்பு, 10⁻⁹ முதல் விட்டால் அதைவிடக் கடுமையான மேல்வரம்பு. தரவு ஒன்றேதான், கீழே வெற்றிடம் கூடியதால் வந்த கடுமை அது. எந்த முன்னனுமானம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள், குறைந்தது இரண்டு தேர்வுகளில் விடையைக் காட்டுங்கள்.

மாண்டோடு ஒப்பிடும்போது கரும்பொருள் மாதிரிக்கு இரண்டு அளவுரு கொடுத்துவிட்டு மாண்டுக்கு எதுவும் கொடுக்காமல் விட்டால் போட்டி நியாயமல்ல. நட்சத்திர நிறைக்கான விகிதம், வாயு அடர்த்தியின் பிழை, நடுவிலுள்ள பெரிய பேரடை ஆகியவற்றை இரு தரப்புக்கும் ஒரே மாதிரி விடுங்கள்.

8. கரும்பொருள் மாதிரியைச் சோதிப்பவர்களுக்கு

இங்கே மோதும் கொத்துகள்தான் வேண்டும். செந்நகர்ச்சி 0.296இல் உள்ள புல்லட் கொத்தில் வாயு பின்தங்கி நிற்க, வில்லை காட்டும் நிறை பேரடைகளோடு முன்னே போய்விட்டது. அதிலிருந்து கரும்பொருள் தமக்குள் மோதும் குறுக்குவெட்டுக்கு ஒரு கிராமுக்கு 1.25 சதுர சென்டிமீட்டர் என்ற மேல்வரம்பு 2008இல் வந்தது.

வரம்பை இறுக்கும் ஆசையில் விழும் பொறிக்கு இரண்டு உதாரணங்கள். 2015இல் 72 மோதல்களை ஒன்றாக்கி 0.47 என்ற வரம்பு வெளியானது. 2018இல் வேறொரு குழு அதே கொத்துகளை இன்னும் நல்ல தரவோடு ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தபோது, சில இடங்களில் எந்த வாயுவும் பேரடைகளும் எந்த நிறைக் குவியலின் இணை என்பதே தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. வரம்பு சுமார் 2க்குத் தளர்ந்தது. ஏபெல் 3827இல் ஒரு பேரடைக்கும் அதன் கரும்பொருளுக்கும் இடையே 1.6 கிலோபார்செக் விலகல் இருப்பதாக 2015இல் சொன்னார்கள். ஆல்மா தொலைநோக்கியின் தரவு வந்த பின் 2018இல் அதே குழுவே அந்த விலகல் மறைந்துவிட்டது என்று எழுதியது. எனக்கு அந்தக் கட்டுரைமேல் பெரிய மரியாதை உண்டு. நூறு படங்களை ஒரே நிரலில் தள்ளுவதைவிட, பத்துப் படங்களைக் கண்ணால் பார்த்து எந்தப் பிம்பம் எந்தப் பேரடையுடையது என்று உறுதி செய்யுங்கள்.

9. எழுதி அனுப்புவது

முன்பதிப்புத் தளமான ஆர்க்கைவில் பதிவேற்றக் கட்டணம் இல்லை. ஆனால் முதல்முறை அனுப்புபவருக்கு அந்தப் பிரிவில் ஏற்கெனவே எழுதியவர் ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம். கட்டுரை முடியும் வரை காத்திருக்காமல் முன்பே கேட்டு வையுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், உங்கள் கட்டுரை பெரிதும் சார்ந்திருக்கும் ஆய்வை எழுதியவருக்கு வரைவோடு சுருக்கமாக மடல் எழுதலாம்.

இதழ்களைப் பொறுத்து செலவு மிகவும் மாறும். எம்என்ஆர்ஏஎஸ் 2024 முதல் முழுத் திறந்த அணுக்கத்துக்கு மாறிவிட்டதால் கட்டணம் உண்டு. உங்கள் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறதா, விலக்கு கிடைக்குமா என்று அனுப்பும் முன் கேளுங்கள். ஜேகேப்பில் வழக்கமான வழியில் அனுப்பினால் ஆசிரியர் கட்டணம் இல்லை. ஓபன் ஜர்னல் ஆஃப் அஸ்ட்ரோஃபிசிக்ஸும் ஆசிரியர்களிடம் வாங்குவதில்லை. நடுவர் கருத்து வர ஒன்றிரண்டு மாதம் என்று திட்டமிடுங்கள், திருத்தத்துக்கும் அதே அளவு.

கட்டுரையோடு சங்கிலிக் கோப்புகள் (மாதிரி எடுத்ததில் வந்த அளவுரு வரிசைகள்), போலிக் கொத்துச் சோதனை, குறுக்கு ஷியர் வரைபடத்தின் எண்கள் ஆகியவற்றை செனோடோவில் போட்டு நிலையான அடையாள எண் வாங்கிவிடுங்கள். இலவசம், ஒரு பதிவுக்கு 50 கிகாபைட் வரை தாங்கும். நிறையை மட்டும் அட்டவணையாகத் தராமல் ஷியரையும் அதன் சகமாறுபாட்டு அணியையும் சேர்த்துக் கொடுங்கள். வேறு கோட்பாட்டோடு வருபவருக்கு உங்கள் நிறை உதவாது, உங்கள் ஷியர் உதவும்.